இரண்டு வேலைக்கு ஒரே ‘தொகுப்பி’யா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கணினிப் பக்கத்தில், எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டுகளை (தரவு வந்து நிரம்ப இடம் விட்ட பக்க அச்சுகள்) முன்கூட்டியே கம்பைல் செய்வது, அதாவது ஓடும் நிரலாக மாற்றிவைப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தது சந்தோஷத்தில். இந்த மாதிரி விஷயத்தைத் தமிழில் உட்கார்ந்து எழுத ஆள் கிடைப்பதே அரிது. இரண்டாம் முறை படித்தபோது கையில் பேனா இருந்தது. கட்டுரையாளர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் கொடுத்த உதாரணம் தப்பு. அதை நம்பி யாராவது தங்கள் தளத்தில் அப்படியே செய்து, எல்லாம் ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவார்களே என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஒரு நூலகத்தின் இணையதளத்தைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். தேடல் பக்கம், உறுப்பினர் பக்கம், புத்தகம் முன்பதிவு செய்யும் பக்கம் எல்லாம் என் பொறுப்பு. எனக்கு மேலேயும் கீழேயும் யாரும் இல்லை. சர்வரை மட்டும் வேறொருவர் கவனிக்கிறார். ஆகவே நான் சொல்லப்போவது பாடப்புத்தக அறிவு இல்லை. பெரும்பாலும் என் கையைச் சுட்டுக்கொண்டு கற்றது.

கட்டுரையின் உதாரணத்துக்கு வருகிறேன். டெம்ப்ளேட் ஒரு தனிக் கோப்பில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் தலையில் அதை இம்போர்ட் செய்கிறார். அடுத்த வரியில் அதை ஹேண்டில்பார்ஸ் என்ற டெம்ப்ளேட் கருவியின் ‘கம்பைல்’ ஃபங்ஷனிடம் கொடுக்கிறார். பிறகு, தொகுப்பியே வார்ப்புருவை (டெம்ப்ளேட்டை) தொகுத்துவிடுவதால் உலாவிக்கு வேலை மிச்சம் என்று முடிக்கிறார்.

மிச்சமே இல்லை! அந்த இம்போர்ட் வரி செய்தது ஒரே ஒரு காரியம். கோப்பில் இருந்த எழுத்துகளை அப்படியே ஒரு ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக மாற்றி, பண்டிலுக்குள் (பிரவுசருக்குப் போகும் கட்டுக் கோப்பு) வைத்தது. கோப்புகளை இப்படி ஒன்றாகக் கட்டும் கருவிதான் பண்ட்லர். வெப்பேக் என்ற பண்ட்லரில் அசெட்-சோர்ஸ் என்று போட்டாலும், ஈஎஸ்பில்டில் டெக்ஸ்ட் லோடர் (கோப்பைப் பண்டிலுக்குள் கொண்டுவரும் துணைநிரல்) வைத்தாலும், வீட்டில் கோப்புப் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறியும் ‘ரா’வும் சேர்த்தாலும் நடப்பது இதுதான். (வீட் என்பது பண்ட்லரின் பெயர். அச்சில் பார்க்கும்போது குடியிருக்கும் வீடு மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும்.) கம்பைல் செய்யும் வேலை பிரவுசரில்தான் நடக்கிறது, முன்பு நடந்த அதே இடத்தில். அதைச் செய்ய ஹேண்டில்பார்ஸின் முழு கம்பைலரும் பண்டிலோடு சேர்ந்து வாசகரின் போனுக்குப் போகிறது. டெம்ப்ளேட்டைத் தனியாக இறக்கும் ஒரு நெட்வொர்க் கோரிக்கை மிச்சமானது உண்மை. அது பண்டில் செய்ததன் பலன். கம்பைல் செய்ததன் பலன் அல்ல.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். ‘தொகுப்பி’ என்ற சொல்லில் இருந்துதான் என்று நினைக்கிறேன். கம்பைலருக்குத் தமிழில் நெடுநாளாகத் தொகுப்பி என்று எழுதிவருகிறோம். இப்போது பண்ட்லர் வந்ததும், அதுவும் கோப்புகளைத் தொகுப்பதால் அதற்கும் தொகுப்பி என்றே போட்டுவிட்டார்கள். கட்டுரையில் எந்தத் தொகுப்பி எதைத் தொகுக்கிறது என்று எனக்கே நாலாவது பத்தியில் பிடி விட்டுப்போனது. எழுதியவருக்கும் அங்கேதான் விட்டிருக்க வேண்டும். நான் இந்தக் கடிதத்தில் கம்பைலர், பண்ட்லர் என்றே எழுதுகிறேன். தமிழ்ப்பற்று இல்லாமல் அல்ல. இரண்டு வேலைக்கு இரண்டு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

முன்கூட்டிக் கம்பைல் செய்வது என்றால், பில்ட் (தளத்தின் கோப்புகளை வெளியிடத் தயாராக்குவது) நடக்கும்போதே, நம் கணினியிலேயே, டெம்ப்ளேட்டைப் படித்து அலசி அதை ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனாக எழுதிவிடுவது. ஹேண்டில்பார்ஸில் இதற்கு ‘ப்ரீகம்பைல்’ என்று தனி ஃபங்ஷனே இருக்கிறது. வெப்பேக்கில் ஹேண்டில்பார்ஸ் லோடர் அதைக் கூப்பிடுகிறது. பிரவுசரிஃபை என்ற பழைய பண்ட்லரின் காலத்தில் எச்பிஎஸ்ஃபை என்ற டிரான்ஸ்ஃபார்ம் கூப்பிட்டது. இப்போது இம்போர்ட் செய்தால் கைக்கு வருவது ஸ்ட்ரிங் அல்ல, ஃபங்ஷன். தரவைக் கொடுத்தால் எச்டிஎம்எல் வரும். பிரவுசருக்குப் போகவேண்டியது ரன்டைம் என்ற சின்னப் பகுதி மட்டும். முழு ஹேண்டில்பார்ஸில் அது பாதிகூட வராது. வியூ என்ற இன்னொரு கருவியின் இரண்டாம் பதிப்புக் கையேட்டிலும் ரன்டைம் மட்டும் உள்ள பதிப்பு முழுப் பதிப்பைவிட ஏறத்தாழ 30 சதவீதம் இலேசு என்று போட்டிருந்தார்கள்.

உங்கள் வாசகர்கள் தங்கள் தளத்தில் எது நடக்கிறது என்று ஒரு நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம். பில்ட் முடிந்து வெளிவரும் பண்டில் கோப்பைத் திறந்து, டெம்ப்ளேட்டில் எழுதிய இரட்டை வளைவு அடைப்புகளை, அதாவது {{ குறியோடு சேர்த்து ஒரு புலத்தின் பெயரைத் தேடட்டும். அப்படியே கிடைத்தால் ஸ்ட்ரிங்காகத்தான் போகிறது. ‘பார்ஸ் எரர் ஆன் லைன்’ என்ற வாசகத்தையும் ஆங்கிலத்தில் தேடிப் பார்க்கட்டும். அது ஹேண்டில்பார்ஸ் பார்சரின் குரல். பண்டிலில் அது இருந்தால் கம்பைலரும் உள்ளே குடியேறியிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, அளவும் வேகமும் ஒரு பக்கம் இருக்கட்டும். கட்டுரை முழுக்க முழுக்க வேகத்தைப் பற்றியே பேசியது. என் அனுபவத்தில் வேகம் கடைசிக் காரணம். முதல் காரணத்தைச் சொல்ல ஒரு கதை சொல்லவேண்டும்.

அப்போது எங்கள் தளத்தில் 41 டெம்ப்ளேட்டுகள் இருந்தன. எல்லாம் பக்கத்தின் அடியில், ஸ்கிரிப்ட் டேகுக்குள், பிரவுசருக்குப் புரியாத ஒரு டைப் பெயர் போட்டு ஒளித்துவைத்தவை. டைப் புரியாவிட்டால் பிரவுசர் அதை ஓட்டாமல் விட்டுவிடும், நாம் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஜேக்வெரியை உருவாக்கிய ஜான் ரெசிக் 2008இல் மைக்ரோ டெம்ப்ளேட்டிங் பற்றி எழுதியதில் இருந்து எங்கள் தலைமுறை மொத்தமும் பழகிய தந்திரம் இது. அடுத்த வருடம் மஸ்டாஷ் என்ற டெம்ப்ளேட் மொழி வந்தது, 2010இல் ஹேண்டில்பார்ஸ். எழுதும் முறை மாறியது, ஒளித்துவைக்கும் இடம் மாறவில்லை.

அந்த 41இல் ஒன்று, தவணை கடந்த புத்தகங்களின் பட்டியல். அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். புத்தகத்தை வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால் ஒரு வரி கூடுதலாகக் காட்டவேண்டும். இஃப் (‘இப்படி இருந்தால்’ என்ற நிபந்தனைக் குறி) திறந்தேன். மூட மறந்தேன். என் சோதனைக் கணக்கில் தவணை கடந்த புத்தகம் எதுவும் இல்லை. பக்கம் பளிச்சென்று திறந்தது. டெப்ளாய் செய்துவிட்டு, அதாவது தளத்தில் ஏற்றிவிட்டு, வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து நூலகர் கூப்பிட்டார். “சிலருக்கு உறுப்பினர் பக்கம் வெள்ளையாக வருதாம்மா, சிலருக்கு நல்லாத்தான் இருக்கு” என்றார். இந்தச் ‘சிலருக்கு’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன், பழைய பிரவுசர்களைச் சந்தேகப்பட்டேன், தரவுத்தளத்தைக்கூடச் சந்தேகப்பட்டேன். ஒன்றரை நாள் போனது. கடைசியில் பார்த்தால், வெள்ளைப் பக்கம் பார்த்தவர்கள் எல்லாரும் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்கள்!

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலருக்கும் தெரியாது, எனக்கும் அன்றுதான் தெரிந்தது. ஹேண்டில்பார்ஸின் கம்பைல் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அது உடனே கம்பைல் செய்வதில்லை. ஒரு ஃபங்ஷனைத் திருப்பித் தந்துவிட்டுச் சும்மா இருக்கும். அந்த ஃபங்ஷனை முதல் தடவை தரவோடு கூப்பிடும்போதுதான் டெம்ப்ளேட்டைப் பிரித்துப் படிக்கும். ஆகவே பக்கம் திறந்த நேரத்தில் 41ஐயும் கம்பைல் செய்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பயன்படாத டெம்ப்ளேட் எதுவும் படிக்கப்படவே இல்லை. மூடாத இஃப், தவணை கடந்த ஒரு ஆள் வரும்வரை காத்திருந்தது.

உங்கள் அலுவலகத்தில் பக்கம் அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புப் பார்க்கிறார்கள் அல்லவா? நான் செய்துகொண்டிருந்தது, வாசகர் பேப்பரைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று மெய்ப்புப் பார்ப்பது. பில்டில் ப்ரீகம்பைல் இருந்திருந்தால் அந்த இஃப் என் திரையிலேயே, கோப்பின் பெயரும் வரி எண்ணும் போட்டு, சிவப்பாக வந்து நின்றிருக்கும். டெப்ளாயே ஆகியிருக்காது.

இவ்வளவு பட்டும் உடனே மாற்றினேனா என்றால், இல்லை. இஃபை மூடிவிட்டு, சோதனைக் கணக்கில் தவணை கடந்த இரண்டு புத்தகங்களைச் சேர்த்துவிட்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். என்னை மாற்றவைத்தது சர்வரைப் பார்த்துக்கொள்பவர்தான். ஒரு திங்கட்கிழமை காலை அவர் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி என்ற ஹெடரைச் சேர்த்தார். எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம், எது கூடாது என்று பிரவுசருக்குச் சொல்லும் ஹெடர் அது. ஸ்கிரிப்டுகளுக்கு அதில் கட்டுப்பாடு போட்டுவிட்டு, ‘அன்சேஃப் ஈவல்’ என்ற விலக்கைக் கொடுக்காவிட்டால், ஸ்ட்ரிங்கில் இருந்து நிரலை உருவாக்குவதைப் பிரவுசர் தடுத்துவிடும். ஈவல் மட்டும் இல்லை, ஃபங்ஷன் கன்ஸ்ட்ரக்டரும் தடைதான். பிரவுசரில் கம்பைல் செய்யும் ஹேண்டில்பார்ஸ் அந்தக் கன்ஸ்ட்ரக்டரைத்தான் நம்பியிருக்கிறது. அண்டர்ஸ்கோர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியின் டெம்ப்ளேட்டும் அப்படித்தான். ஒன்பது மணிக்கு ஹெடர் வந்தது. ஒன்பது மணி ஒரு நிமிடத்துக்கு எங்கள் தளத்தில் தலைப்பும் அடிக்குறிப்பும் மட்டும் இருந்தன.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றேன். “மெயில் போட்டிருந்தேனே, மேடம்” என்றார். போட்டிருந்தார்.

விலக்கைக் கொடுங்கள் என்று கேட்பது சுலபம். ஒரு சொல் சேர்த்தால் போதும். அவர் மறுத்தார், அவர் மறுத்தது சரிதான். ஊருக்கே பூட்டு மாட்டிவிட்டு எனக்காகக் கதவைத் திறந்துவைக்க முடியாது. ஹெடரை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சம்மதித்தார். அந்த வாரத்தில் 41 டெம்ப்ளேட்டுகளையும் பக்கத்தில் இருந்து உருவி, தனித்தனிக் கோப்புகளாக்கி, லோடர் வழியாக விட்டேன். முதல் பில்டிலேயே மூன்று பிழைகள் வந்தன. ஒன்றில் ஈச் (‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற குறி) திறந்து இஃபால் மூடியிருந்தது. அந்த டெம்ப்ளேட்டை யாரும் இரண்டு வருடமாகப் பார்த்திருக்கவில்லை போலும்.

கட்டுரையாளர் ‘லோடரை நிறுவினால் முடிந்தது’ என்று ஒரு வரியில் தாண்டிப் போனார். நான் தாண்ட முடியாமல் விழுந்த இடங்களைச் சொல்கிறேன்.

ஹெல்பர்கள் முதலில். டெம்ப்ளேட்டுக்குள் இருந்து கூப்பிடும் சின்ன ஃபங்ஷன்கள் இவை. தேதியை வடிவமைக்க ஒரு ஹெல்பர் வைத்திருந்தேன். அதைப் பதிவுசெய்யும் கோப்பின் தலையில் பழைய வழக்கப்படி முழு ஹேண்டில்பார்ஸை இம்போர்ட் செய்திருந்தேன். லோடர் உருவாக்கிய ஃபங்ஷன்கள் ரன்டைமை இம்போர்ட் செய்தன. இவை இரண்டும் வேறு வேறு இன்ஸ்டன்ஸ், அதாவது தனித்தனி நகல். நான் ஒரு வீட்டில் சொல்லிவிட்டு வந்த செய்தி அடுத்த வீட்டுக்கு எப்படித் தெரியும்? ஹெல்பரைக் காணோம் என்று எல்லாத் தேதியிலும் பிழை. அதைவிட மோசம், நான் வெளியேற்றியதாக நினைத்த முழுக் கம்பைலர் அந்த ஒரே இம்போர்ட் வரியால் திரும்ப பண்டிலுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அந்த வரியை ரன்டைம் என்று மாற்றியதும் இரண்டும் ஒரே நேரத்தில் சரியாயின.

அப்புறம் பதிப்பு எண். ப்ரீகம்பைல் செய்த ஒவ்வொரு டெம்ப்ளேட்டின் உள்ளேயும், எந்தக் கம்பைலர் என்னைச் செய்தது என்று ஒரு எண் பதிந்திருக்கும். ரன்டைம் அதைப் பார்த்து, தனக்குத் தெரியாத எண்ணாக இருந்தால் வேலை செய்ய மறுக்கும். ஹேண்டில்பார்ஸ் 4.3இல் பாதுகாப்புக் காரணங்களுக்காக அந்த எண்ணை 7இல் இருந்து 8 ஆக்கினார்கள். நூலகத்தின் வரவேற்பறைத் திரைக்கு என்று தனியாக ஒரு பக்கம் உண்டு. அதில் மட்டும் ரன்டைமை பண்ட்லர் வழியாகக் கொண்டுவராமல், 4.0 காலத்தில் எடுத்துவைத்த ஒரு பழைய நகலை ஸ்கிரிப்ட் டேகில் போட்டிருந்தேன். பில்டில் கம்பைலர் புதிதானது, திரையில் ரன்டைம் பழையது. ‘உன் ரன்டைமைப் புதுப்பி’ என்று பிழை வந்தது. நேர்மையான பிழைச் செய்தி, குறை சொல்ல ஒன்றும் இல்லை. வியூ இரண்டிலும் டெம்ப்ளேட் கம்பைலரின் பதிப்பும் வியூவின் பதிப்பும் ஒத்துப்போகாவிட்டால் இதே மாதிரி நிறுத்திவிடுவார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் இருந்து, லாக் கோப்பில் பூட்டிய ஒரே எண்ணோடு எடுப்பது தவிர இதற்கு வேறு வழி இல்லை.

மூன்றாவது, பார்ஷியல்கள். பல டெம்ப்ளேட்டுகளுக்குள் சேர்த்துக்கொள்ளும் சின்ன டெம்ப்ளேட்டுகள் இவை. புத்தக அட்டை என்று ஒரு பார்ஷியல் ஆறு டெம்ப்ளேட்டுகளுக்குள் வருகிறது. ஹேண்டில்பார்ஸ் லோடர் பார்ஷியலையும் ஒரு மாட்யூலாக ரிக்வையர் செய்துவிடுவதால் அங்கே பிரச்சினை இல்லை. பிறகு ரோல்அப் என்ற பண்ட்லருக்கு மாறினேன். அப்போது ‘பத்து வரிதானே’ என்று நானே ஒரு பிளகின் எழுதிக்கொண்டேன். பார்ஷியல் கோப்பை நேரடியாக டிஸ்கில் இருந்து படித்தேன். விளைவு, வாட்ச் மோடில் (கோப்பு மாறினால் தானே மறுபடி பில்ட் செய்யும் முறை) பார்ஷியலைத் திருத்தினால் திரையில் ஒன்றும் மாறாது. அதை நான் படித்தேன் என்று பண்ட்லருக்குச் சொன்னால்தானே அது கவனிக்கும்? ரோல்அப்பில் ஆட்-வாட்ச்-ஃபைல், வெப்பேக் லோடரில் ஆட்-டிபென்டன்சி, ஈஎஸ்பில்டில் வாட்ச்-ஃபைல்ஸ் என்று ஒவ்வொன்றிலும் அதற்கு வழி இருக்கிறது. ஒரு மதியம் முழுக்கத் திருத்துவதும் ரிஃப்ரெஷ் செய்வதுமாக உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

படங்களுக்கு மட்டும் லோடரை மனதார வாழ்த்துவேன். பில்டில் படங்களின் பெயரோடு ஒரு ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்தில் இருந்து பிறக்கும் குறி) சேர்ந்துவிடும். ஸ்கிரிப்ட் டேகில் ஒளிந்திருந்த டெம்ப்ளேட்டுகளைப் பண்ட்லர் பார்த்ததே இல்லை. அவற்றில் பழைய பெயரே இருக்கும், படம் உடையும். அதற்காகவே சில படங்களைப் பெயர் மாற்றாத தனி ஃபோல்டரில் வைத்திருந்தேன். எச்டிஎம்எல் லோடர் படத்தின் முகவரியைத் தானே கண்டுபிடித்து இம்போர்ட்டாக மாற்றும். ஹேண்டில்பார்ஸ் லோடரில் எந்த முகவரிகளை அப்படி மாற்றவேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்கவேண்டும். அந்தத் தனி ஃபோல்டரை அழித்த நாள் நல்ல நாள்.

இதெல்லாம் படித்துவிட்டு யாரும் ப்ரீகம்பைல் எல்லாப் பிழையையும் பிடிக்கும் என்று நம்பிவிட வேண்டாம். புலத்தின் பெயரைத் தப்பாக எழுதினால் ஹேண்டில்பார்ஸ் வெற்றிடத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் போகும். பில்ட் அதைக் கவனிக்காது, ஏனென்றால் தரவு எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. ஸ்ட்ரிக்ட் என்ற ஆப்ஷனைப் போட்டால் கத்தும், ஆனால் ஓடும்போதுதான். இல்லாத ஹெல்பரைக் கூப்பிடுவதைப் பில்டிலேயே பிடிக்க, தெரிந்த ஹெல்பர்களின் பட்டியலைக் கொடுத்து ‘நோன் ஹெல்பர்ஸ் ஒன்லி’ என்று கட்டுப்படுத்தலாம். மூன்று அடைப்புக்குறி போட்டு எஸ்கேப் செய்யாமல், அதாவது தரவில் உள்ள எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக்காமல், விட்ட இடத்தைப் பற்றி எந்தக் கம்பைலரும் உங்களை எழுப்பாது. அதை நீங்கள்தான் தேடவேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு புலம் உள்ள ஒரு வரி டெம்ப்ளேட்டை ப்ரீகம்பைல் செய்து பாருங்கள், வெளியே வரும் ஃபங்ஷன் மூலத்தைவிடப் பல மடங்கு நீளம். நூற்றுக்கணக்கில் டெம்ப்ளேட் இருக்கும் தளத்தில், கம்பைலரை விட்டதில் கிடைத்த மிச்சத்தை இந்த நீளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தேவையானதை மட்டும் தனித் துண்டாகப் பிரித்து அனுப்பினால் சமாளிக்கலாம். கட்டுரையில் சொன்னதுபோல ‘எப்போதும் சிறிதாகும்’ என்பது இல்லை.

ஒரு டெம்ப்ளேட்டை மட்டும் நான் ப்ரீகம்பைல் செய்யவில்லை. நூலகரே திருத்தும் அறிவிப்புக் கடிதம் அது. அதன் எழுத்து தரவுத்தளத்தில் இருக்கிறது, பில்ட் நடக்கும் நேரத்தில் அது எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதைச் சர்வரில் கம்பைல் செய்து எச்டிஎம்எல்லாக அனுப்புகிறேன். நூலகர் சேமிக்கும் பொத்தானை அழுத்தும்போதே ஒருமுறை ப்ரீகம்பைல் செய்து பார்த்து, பிழை இருந்தால் சேமிக்க மறுத்துவிடும்படி வைத்திருக்கிறேன். முதல் வாரம் அவருக்கு என்மேல் கோபம். இப்போது என்னைவிட ஒழுங்காக இஃபை மூடுகிறார்.

இன்று புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இணையப் பக்கம் கட்டும் இன்றைய கருவிகளில் ஆங்குலர் 2020இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் இருந்து இயல்பாகவே முன்கூட்டிக் கம்பைல் செய்கிறது. ஸ்வெல்ட் பிறந்ததே கம்பைலராக. வியூவின் தனிக்கோப்புக் கூறுகளும் பில்டிலேயே ஃபங்ஷனாகிவிடும். இந்தக் கடிதம் என்னைப் போலப் பழைய தளத்தைப் பொறுப்பெடுத்தவர்களுக்கு. அப்படிப்பட்டவர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, இரண்டு வேண்டுகோள். கட்டுரையின் அந்த உதாரணத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். டெம்ப்ளேட்டை ஹேண்டில்பார்ஸ் லோடர் வழியாக இம்போர்ட் செய்து, கம்பைல் ஃபங்ஷனைக் கூப்பிடும் வரியை எடுத்துவிட்டு, லோடர் தரும் ஃபங்ஷனையே நேரடியாகக் கூப்பிடும்படி மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம். அடுத்து, பண்ட்லருக்கு வேறொரு தமிழ்ச் சொல்லை உங்கள் குழு யோசிக்கட்டும். எனக்குத் தோன்றியது ‘கட்டுமி’. என் மகளிடம் சொன்னேன், ஏதோ பூச்சியின் பெயர் மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறாள். இதைவிட நல்லதாக ஒன்று கிடைத்தால் நானும் அதையே பழகிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நூலக இணையதளம் ஒன்றைப் பராமரிக்கும் வாசகி